ஒரே விமானம், நான்கு நிர்வாகங்கள்: ஏர்பஸ் ஏ380 தாமதமும் இணைப்புக்குப் பிந்தைய திட்ட மேலாண்மையும்

கேள்வி

2006 ஜூன் 13 அன்று ஏர்பஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏ380 விமானங்களை வாடிக்கையாளர்களிடம் ஒப்படைப்பது மேலும் ஆறேழு மாதம் தள்ளிப்போகும் என்பது செய்தி. மறுநாள் தாய் நிறுவனமான இ.ஏ.டி.எஸ். பங்கின் விலை 26 விழுக்காடு சரிந்தது. மூன்று வாரத்துக்குள் இ.ஏ.டி.எஸ். நிறுவனத்தின் இணைத் தலைமை நிர்வாகி நோயல் ஃபோர்ஜாரும், ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பெர்ட்டும் பதவி விலகினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் இன்னொரு தாமதம் அறிவிக்கப்பட்டது. 2007இல் ஒரே ஒரு விமானம், 2008இல் 13, 2009இல் 25 என்று உற்பத்தி அட்டவணை சுருங்கியது. 2010 வரையிலான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று நிறுவனமே கணக்குக் காட்டியது.

காரணம் கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை ஒரு வரியில் அடங்கியது. ஹாம்பர்க் பொறியாளர்கள் கேட்டியா என்ற வரைவு மென்பொருளின் நான்காம் பதிப்பில் வேலை செய்தார்கள். துலூஸ் பொறியாளர்கள் ஐந்தாம் பதிப்பில் வேலை செய்தார்கள். ஆகவே விமானத்துக்குள் இழுத்த மின்கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. மேலாண்மை வகுப்புகளில் இன்றும் இந்தக் கதைதான் சொல்லப்படுகிறது. மாணவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆசிரியருக்கு ஒரு பாடம் முடியும்.

இந்த விடை பொய்யில்லை. ஆனால் இதை ஏற்றுக்கொண்ட உடனே அடுத்த கேள்வி எழுகிறது. இரண்டு அலுவலகங்கள் இரண்டு பதிப்புகளில் வரைகின்றன என்பது அந்த இரண்டு அலுவலகங்களிலும் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, அதன் விளைவு நிறுவனத்தின் உச்சிக்குப் போய்ச் சேர 2006 வரை ஏன் ஆயிற்று? சட்டப்படி அவை ஒரே நிறுவனமாகி ஐந்தாண்டு முடிந்திருந்தது.

இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான்: நிறுவனங்கள் இணைந்த பிறகும் அவை பெருந்திட்டங்களை நடத்தும் முறைகள் ஏன் இணையாமல் நிற்கின்றன, இணைக்க முனைபவர்கள் எதை முதலில் இணைக்க வேண்டும்? பெருந்திட்டம் என்று இங்கே குறிப்பிடுவது, தனித்தனியே நடக்கும் பல திட்டங்களை ஒரே காலக்கெடுவுக்கும் ஒரே பணப்பைக்கும் கட்டுப்படுத்தி நடத்தும் ஏற்பாட்டை. ஏ380இல் இறக்கை ஒரு திட்டம், உடற்பகுதி ஒரு திட்டம், பயணிகள் அறை இன்னொன்று. மூன்றும் ஒன்றாகிப் பறந்தால்தான் பெருந்திட்டம்.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல். ஏர்பஸின் உள் ஆவணங்களில் பெரும்பகுதி பொதுவெளியில் இல்லை. நிறுவன அறிவிப்புகள், ஒழுங்காணைய நடவடிக்கைகள், அக்காலப் பத்திரிகைச் செய்திகள் ஆகியவையே கையில் உள்ளவை. பதவி இழந்தவர்களும் பதவிக்கு வந்தவர்களும் சொன்னவற்றில் அவரவர் நியாயம் கலந்திருக்கும் என்பதை மனத்தில் கொண்டே வாசிக்க வேண்டும்.

இணைப்புக்கு முன்பிருந்த ஒழுங்கு

1970 டிசம்பரில் உருவான ஏர்பஸ் இண்டஸ்ட்ரி வழக்கமான கம்பெனி இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் பொருளாதார நலக் குழுமமாகப் பதிவு செய்யப்பட்ட ஒரு கூட்டமைப்பு. 1990களின் இறுதியில் பிரான்சின் ஏரோஸ்பேசியால், ஜெர்மனியின் டாசா இரண்டுக்கும் தலா 37.9 விழுக்காடு, பிரிட்டனின் பிரிட்டிஷ் ஏரோஸ்பேசுக்கு 20, ஸ்பெயினின் காசாவுக்கு 4.2 என்று பங்கு பிரிந்திருந்தது. இந்த நால்வரும் முதலாளிகள். நால்வருமே சரக்கு கொடுப்பவர்களும்கூட. இறக்கைக்கு என்ன விலை, உடற்பகுதிக்கு என்ன விலை என்று பேரம் பேசி முடிவு செய்வார்கள். அதைச் செய்ய உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பதை ஒருவர் மற்றவருக்குக் காட்டுவதில்லை. துலூஸில் இருந்த மைய அலுவலகம் விமானத்தை விற்றது, ஆனால் அது அடக்க விலை தெரியாத விற்பனையாளர்.

பொருளாதார நோக்கில் இது விசித்திரமான ஏற்பாடு. விமர்சகர்கள் இதைக் காட்டித்தான் ஒரே கம்பெனி வேண்டும் என்று வாதாடினார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1987இல் பறந்த ஏ320, 1990களின் தொடக்கத்தில் வந்த ஏ340, ஏ330 எல்லாமே இந்த ஏற்பாட்டில் பிறந்தவை. பயணிகள் விமானத்தில் மின்கம்பி வழிக் கட்டுப்பாட்டை முழுமையாகக் கொண்டுவந்தது ஏ320. தேசங்களுக்கிடையிலான பொறாமைதான் ஏ380ஐக் கெடுத்தது என்று சொல்பவர்கள், அதே பொறாமை அப்படியே இருந்த காலத்தில் இவை எப்படி உருவாயின என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குத் தோன்றும் பதில் இது. பழைய ஏற்பாட்டில் எல்லைகள் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு பங்காளியும் உள்ளே வேண்டிய கருவிகளைப் பொருத்தி முடித்த பகுதியைக் கொண்டுவந்து சேர்ப்பார். இணையும் முகத்தில் எந்த அளவு, எந்தத் துளை, எந்தக் கனெக்டர் என்பது உடன்பாட்டில் எழுதப்பட்டிருக்கும். தவறினால் அது ஒப்பந்த மீறல், பணக் கணக்கு. நம்பிக்கை குறைவாக இருந்த இடத்தில் ஆவணம் காவல் காத்தது.

எது இணைந்தது

2000 ஜூலையில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியப் பங்காளிகள் ஒன்றாகி இ.ஏ.டி.எஸ். ஆனார்கள். 2001இல் ஏர்பஸ் முறையான கம்பெனியாயிற்று. இ.ஏ.டி.எஸ். கையில் 80 விழுக்காடு, பிரிட்டனின் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் கையில் 20. ஏ380 திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் கிடைத்தது 2000 டிசம்பர் 19 அன்று. அதாவது இ.ஏ.டி.எஸ். பிறந்த பிறகு, ஏர்பஸ் கம்பெனியாவதற்கு முன்பு. தன் வரலாற்றிலேயே பெரிய பணியை அந்நிறுவனம் வீடு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் தொடங்கியது. தாமதத்தைப் பற்றிய எழுத்துகளில் இந்தத் தேதிப் பொருத்தத்துக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் குறை.

பெயர், விற்பனை, நிதி அறிக்கை, சட்ட ஆளுமை எல்லாம் ஒன்றாயின. மேலே என்ன இருந்தது? இ.ஏ.டி.எஸ்.க்கு இரண்டு தலைவர்கள், இரண்டு தலைமை நிர்வாகிகள். ஒருவர் பிரெஞ்சுக்காரர் என்றால் மற்றவர் ஜெர்மானியர். பாரிஸில் ஒரு தலைமையகம், மியூனிக்கில் இன்னொன்று. பிரெஞ்சுத் தரப்பும் ஜெர்மன் தரப்பான டைம்லர்கிரைஸ்லரும் சமமான பங்கு வைத்திருந்தன. கீழே ஏர்பஸ் பிரான்ஸ், ஏர்பஸ் டாய்ச்லாண்ட், ஏர்பஸ் யு.கே., ஏர்பஸ் எஸ்பான்யா என்ற நான்கு தேசிய நிறுவனங்கள் தத்தம் தலைவர்களோடும் பொறியியல் துறைகளோடும் தொடர்ந்தன. நடுவில் பெருந்திட்டத் தலைவர் ஒருவர் இருந்தார். பொறியாளர்களின் சம்பளமும் பதவி உயர்வும் தேசிய நிறுவனங்களின் கையில் இருந்ததால், அவரால் கேட்க முடிந்தது, ஆணையிட முடியவில்லை.

வேலைப் பங்கீடும் பழைய வழியிலேயே நடந்தது. முன், பின் உடற்பகுதிகளும் செங்குத்து வாலும் ஜெர்மனிக்கு. மூக்கும் நடு உடலும் பிரான்சுக்கு. இறக்கைகள் வேல்ஸில் உள்ள பிராட்டனுக்கு. கிடைமட்ட வால் ஸ்பெயினுக்கு. இறுதிக் கோப்பு துலூஸில், பயணிகள் அறை அலங்காரம் ஹாம்பர்க்கில். இப்பகுதிகளைக் கொண்டுவர தனிக் கப்பல் கட்டினார்கள். டீ ஆற்றிலும் கரோன் ஆற்றிலும் படகு விட்டார்கள். லாங்கோனிலிருந்து துலூஸ் வரை சாலையை அகலப்படுத்தி இரவுகளில் ஊர்வலமாக ஏற்றிவந்தார்கள். கனமான பொருள்களை நாடு கடத்திச் சேர்ப்பதில் ஏர்பஸுக்கு 30 ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் ஏ380இலும் கைவிடவில்லை.

530 கிலோமீட்டர்

ஓர் ஏ380 விமானத்துக்குள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் மின்கம்பி ஓடுகிறது. தனிக் கம்பிகளாக எண்ணினால் ஏறத்தாழ ஒரு லட்சம், கனெக்டர்கள் 40,000க்கு மேல். இவற்றைக் கற்றை கற்றையாகக் கட்டி உள்ளே கொண்டுபோகிறார்கள். தொழிற்சாலைகளில் இதற்கு வயரிங் ஹார்னஸ் என்று பெயர்.

ஒரு கற்றை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் சிக்கலின் இயல்பு விளங்கும். வடிவமைப்பாளர் விமானத்தின் முப்பரிமாணக் கணினி மாதிரிக்குள் கம்பியின் பாதையை வரைகிறார். எந்தச் சட்டத்தின் துளையில் நுழைய வேண்டும், எந்தப் பிடிப்பானில் கட்ட வேண்டும், எங்கே எவ்வளவு வளையலாம் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். அந்தப் பாதையின் நீளம்தான் கம்பியின் நீளம். அதன்படி பட்டறையில் நீண்ட பலகையின் மேல் கம்பிகளை விரித்து, வெட்டி, சேர்த்துக் கட்டி, இரு முனையிலும் கனெக்டர் பொருத்தி, மின்னோட்டம் பார்த்து அனுப்புகிறார்கள். விமானத்துக்குள் ஏற்றும்போது நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் கனெக்டர் எட்டாது. இழுத்துச் செருகினால் விறைத்து நிற்கும் கம்பி, அதிர்வில் உரசி உறை தேயும். விமானத் தரக் கட்டுப்பாடு அதை விடாது.

எடையைக் குறைக்க ஏ380இல் பல இடங்களில் செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியம் செம்பைப்போல் சட்டென்று வளையாது. வளைவுக்குக் கூடுதல் இடம் வேண்டும். வளைவு பெரிதானால் பாதை மாறும், பாதை மாறினால் நீளம் மாறும். ஒரு பிடிப்பானை நகர்த்தினால் பக்கத்தில் ஓடும் கற்றைகளும் நகர வேண்டும். போதாக்குறைக்கு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், குவாண்டாஸ் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் இருக்கை அமைப்பிலும் பொழுதுபோக்குக் கருவிகளிலும் தனக்கென்று ஒன்று கேட்டார்கள். அறை மாறும்போதெல்லாம் கம்பியும் மாற வேண்டும்.

இத்தனை மாற்றங்களும் ஒரே மாதிரிக்குள் உடனுக்குடன் பதிவாகியிருந்தால் வேலை கடினமாக இருந்திருக்கும், நடந்தும் இருக்கும். ஆனால் கேட்டியாவின் ஐந்தாம் பதிப்பு நான்காவதன் திருத்தம் அன்று, புதிதாக எழுதப்பட்ட மென்பொருள். ஒன்றில் வரைந்ததை மற்றொன்றுக்கு மாற்றும்போது உருவம் வந்து சேர்ந்தாலும், அதோடு ஒட்டியிருந்த விதிகளும் தொடர்புகளும் முழுமையாக வந்து சேரவில்லை. ஒரு பக்கம் செய்த திருத்தம் மறு பக்கத்தில் தானாகத் தெரியவில்லை. இரண்டு நகரங்களும் ஒரே விமானத்தின் சற்றே வேறுபட்ட இரண்டு மாதிரிகளைப் பார்த்து வேலை செய்தன.

ஹாம்பர்க்கிலிருந்து கம்பி வேலை முடியாத உடற்பகுதிகள் துலூஸுக்கு வந்து இறங்கின. பின்னாலேயே நூற்றுக்கணக்கான ஜெர்மன் தொழிலாளர்களும் வந்து, பிரெஞ்சுக் கோப்புக்கூடத்துக்குள் கையால் கம்பி இழுத்தார்கள். இதில் நடந்த வேடிக்கை என்னவென்றால், 2005 ஏப்ரல் 27 அன்று முதல் ஏ380 துலூஸிலிருந்து அழகாகப் பறந்து இறங்கியது. சோதனை விமானத்தை எப்படியாவது கையால் முடித்துவிடலாம். மாதந்தோறும் விமானங்களை வெளியேற்ற வேண்டிய தொழிற்சாலைக்கு அது ஒரு சான்றும் ஆகாது. பறந்த விமானத்தின் புகழ், நின்றுபோயிருந்த வரிசையை ஓராண்டுக்கு மேல் மறைத்தது.

புழக்கத்தில் உள்ள மூன்று விளக்கங்கள்

முதலாவது மென்பொருள் விளக்கம். அதன் வலுவை மேலே பார்த்தோம். அதன் குறை, அது எல்லோருக்கும் வசதியாக இருப்பது. இயந்திரத்தின் மேல் பழி போட்டால் எந்த மேசையையும் நகர்த்த வேண்டியதில்லை. பதிப்புப் பொருத்தமின்மையைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் தேவையில்லை, முதல் கோப்பை மாற்றிப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொன்னவர் யாரிடம் சொன்னார், கேட்டவருக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பதை இந்த விளக்கம் தொடுவதேயில்லை.

இரண்டாவது அரசியல் விளக்கம். இரண்டு அரசுகளின் இழுபறியில் சிக்கிய நிறுவனம் வேறெப்படி நடக்கும் என்பது இதன் வாதம். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்த வாதமும் இதுவே. ஏ320 காலத்து அனுபவம் இதற்கு எதிர்ச்சாட்சி என்பதை முன்பே குறிப்பிட்டேன்.

மூன்றாவது, சிக்கலின் அளவைக் காட்டும் விளக்கம்: இவ்வளவு பெரிய விமானம், இத்தனை புதுமை, இத்தனை வாடிக்கையாளர் விருப்பம், தாமதம் இயல்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் தாமதம் இயல்பாக வந்திருந்தால் படிப்படியாகத் தெரிய வந்திருக்கும். 2005 ஜூன், 2006 ஜூன், 2006 அக்டோபர் என்று மூன்று முறை அது அதிர்ச்சியாக வந்தது. சிக்கல் பெரிது என்பது தாமதத்தை விளக்கும், அதிர்ச்சியை விளக்காது.

தலைமைக்கு எப்போது தெரிந்தது என்பது வழக்காகவும் ஆயிற்று. 2006 மார்ச்சில் ஃபோர்ஜார் உள்ளிட்ட சில மேலதிகாரிகள் தங்கள் பங்குகளை விற்றிருந்தார்கள். பிரெஞ்சுப் பங்குச் சந்தை ஒழுங்காணையமான ஏ.எம்.எஃப். விசாரித்து, 2009 டிசம்பரில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சட்டத்தின் கண்ணில் அது நற்சான்று. மேலாண்மை ஆய்வாளர் கண்ணில் அதே தீர்ப்பு வேறொரு குற்றப்பத்திரிகையாகத் தெரியும். கோப்புக்கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் கையால் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் உச்சியில் இருந்தவர்களுக்கு நிலைமையின் முழு ஆழம் தெரியாதென்றால், இடையில் இருந்த அறிக்கை முறை எதற்காக இருந்தது?

எதிர்ச்சான்று இரண்டு

கருவிகளை ஒன்றாக்கியிருந்தால் போதும் என்ற வாதத்தைச் சோதிக்கப் போயிங் 787 உதவுகிறது. ஜப்பான், இத்தாலி, அமெரிக்கா என்று பல இடங்களில் பகுதிகள் செய்யப்பட்ட அந்த விமானத்துக்குப் போயிங் எல்லாப் பங்காளிகளையும் கேட்டியா ஐந்தாம் பதிப்பையும் அதோடிணைந்த தரவுத் தொகுப்பையும் பயன்படுத்த வைத்தது. ஏர்பஸ் செய்யத் தவறியதைச் செய்தது. 2007 ஜூலை 8 அன்று விமானத்தைக் கோலாகலமாக வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். உள்ளே பெரும்பகுதி வெறுமை. 2008 மே மாதம் நடக்கவேண்டிய முதல் ஒப்படைப்பு 2011 செப்டம்பரில் நடந்தது. இடையில், தெற்குக் கரோலினாவில் உடற்பகுதி செய்துவந்த வாட் நிறுவனத்தின் ஆலையைப் போயிங் விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. மாதிரி ஒன்றாக இருந்தும், அந்த ஆலையில் உண்மையில் எது முடிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும் முடிவெடுக்கவும் வேறு வழி கிட்டவில்லை.

787 இணைப்பின் கதை இல்லை என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். இணைப்பின் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சட்டப்படி ஒன்றாயின. விமானங்கள் ஒரே குறியீட்டில் பறக்கத் தொடங்கியது 2011இல். அதற்கே நான்காண்டு. ஆனால் குறியீடு ஒன்றான அடுத்த ஆண்டே, 2012 மே முதல் ஜூலை வரை, பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிதாக வரவிருந்த 787 விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்பது சண்டை. யார் யாருக்கு மூத்தவர் என்பது அதன் வேர். ஊதியத்தையும் பணிமூப்பையும் சமன்செய்ய நீதிபதி தர்மாதிகாரி குழு அமைக்கப்பட்டதே 2011இல்தான். குறியீடு இணைந்தது. யார் சொல்லை யார் கேட்பது என்பது இணையவில்லை.

உடன்படிக்கை போய், அதிகாரம் வராத இடைவெளி

இவற்றை எல்லாம் வைத்துப் பார்க்கையில் ஏ380 பற்றி என் முடிவு பின்வருமாறு. இது ஊகம் கலந்த வாசிப்பு என்பதை மறைக்கவில்லை.

பழைய கூட்டமைப்பில் நால்வரும் வெளியாட்கள். வெளியாட்களுக்கிடையே உடன்படிக்கை இருந்தது. இணைப்பு வந்ததும் "இனி நாம் ஒரே கம்பெனி" என்ற பேச்சில் உடன்படிக்கையின் கடுமை தளர்ந்தது. வரவேண்டிய பகுதி பாதி முடிந்த நிலையில் வந்தாலும், சொந்த வீட்டு வேலைதானே, இங்கே முடித்துக்கொள்ளலாம் என்று ஏற்க முடிந்தது. வெளி நிறுவனமாக இருந்திருந்தால் அந்தப் பகுதி திருப்பி அனுப்பப்பட்டிருக்கும், அல்லது அபராதக் கடிதமாவது போயிருக்கும். உடன்படிக்கையின் இடத்தில் ஒரு பொது அதிகாரம் வந்திருக்க வேண்டும். நான்கு தேசிய நிறுவனங்களுக்கும் மேலே நின்று வரிசையை நிறுத்தக் கூடிய ஒருவர். அப்படி ஒருவர் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்த ஐந்தாண்டு இடைவெளியில்தான் ஏ380 வடிவமைக்கப்பட்டது.

2006 ஜூலையில் ஏர்பஸ் தலைவரான கிறிஸ்தியான் ஸ்திரெய்ஃப் மூன்றே மாதத்தில் விலகினார். சீர்திருத்தத்துக்குத் தேவையான செயல் அதிகாரம் தனக்கு வேண்டும் என்பதில் தாய் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்படாததே காரணம். நோயைச் சரியாகக் கண்டவரே அந்த நோயால் வெளியேறினார் எனலாம். அவருக்குப் பின் வந்த லூயி கலுவா இ.ஏ.டி.எஸ். இணைத் தலைமைப் பதவியையும் ஏர்பஸ் தலைமையையும் சேர்த்தே வகித்தார். ஸ்திரெய்ஃபுக்குக் கிடைக்காதது அவருக்கு இயல்பாகவே கிடைத்தது.

திருத்தம் எப்படி நடந்தது

அடுத்து எடுத்த முடிவுகளில் என்னை மிகவும் கவர்ந்தது பெரிய மறுசீரமைப்புத் திட்டம் இல்லை, உற்பத்தி வரிசையை இரண்டாகப் பிரித்ததுதான். முதல் 25 விமானங்களை "முதல் அலை" என்று ஒதுக்கினார்கள். இவற்றின் கம்பி வேலை கோணல் என்று தெரிந்தே, ஒவ்வொன்றையும் கையால் திருத்தி முடிப்பது என்று தீர்மானித்தார்கள். 26ஆவது விமானம் முதல் "இரண்டாம் அலை". அதற்குப் பொது மாதிரியில், பொது முறையில் கம்பிகளைப் புதிதாக வரைவது. கருவி மாற்றம் முடியும்வரை வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை. வாடிக்கையாளர் அவசரத்துக்காகக் கருவி மாற்றத்தை அரைகுறையாகவும் விடவில்லை. 2007 அக்டோபர் 15 அன்று முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் போனது. கை வேலையின் செலவு கடுமை. ஆனால் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையே ஒரு தெளிவான கோடு கிடைத்தது. இணைப்புகளில் பெரும்பாலும் இந்தக் கோடுதான் இருப்பதில்லை. பழையதும் புதியதும் ஆண்டுக்கணக்கில் கலந்து ஓடும்.

2007 பிப்ரவரியில் அறிவித்த பவர்8 திட்டம் தேசிய நிறுவனங்களின் எல்லைகளை உடைத்து, உடற்பகுதி, இறக்கை, வால் என்று நாடு கடந்த சிறப்பு மையங்களை அமைத்தது. ஜூலையில் இ.ஏ.டி.எஸ்.இன் இரட்டைத் தலைமை முடிவுக்கு வந்தது. கலுவா அதன் ஒரே தலைமை நிர்வாகி, டாம் எண்டர்ஸ் ஏர்பஸ் தலைவர். இதே பவர்8இல் 10,000 வேலையிடங்களைக் குறைப்பதும் சேர்ந்திருந்தது. முறைகளை ஒன்றாக்குவதையும் ஆளைக் குறைப்பதையும் ஒரே அறிவிப்பில் கட்டியது தவறு என்றே நினைக்கிறேன். முறையின் பிழைக்குத் தொழிலாளி விலை கொடுப்பதாகத் தெரியும் இடத்தில் யாரும் அடுத்த பிழையை மேலே சொல்ல முன்வர மாட்டார்கள்.

திருத்தம் பலித்ததா என்பதற்கு ஏ350 ஒரு சான்று. அதில் பங்காளிகளின் பொறியாளர்களைத் துலூஸில் ஒரே தளத்தில் உட்காரவைத்து, ஒரே டிஜிட்டல் மாதிரியில் வேலை வாங்கினார்கள். 2013இல் வரவேண்டியது 2014 டிசம்பரில் கத்தார் ஏர்வேஸிடம் சேர்ந்தது. அதுவும் தாமதமே. ஆனால் பங்குச் சந்தையைக் கவிழ்க்கும் அதிர்ச்சி எதுவும் வரவில்லை. தாமதங்கள் முன்கூட்டியே தெரிந்து சொல்லப்பட்டன.

இன்னும் கூர்மையான சான்று ஏ400எம் ராணுவப் போக்குவரத்து விமானம். ஏழு நாடுகள் 180 விமானங்களுக்கு 2003 மே மாதம் ஒப்பந்தம் செய்தன. அதே குழுமம், அதே காலம். ஆனால் நிர்வாகம் ஸ்பெயினை மையமாகக் கொண்ட ஏர்பஸ் மிலிட்டரி என்ற தனி அமைப்பிடம். எஞ்சின், நான்கு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய கூட்டமைப்பிடம். பவர்8 சீர்திருத்தத்தின் கை அங்கே எட்டவில்லை. முதல் பறப்பு 2009 டிசம்பரில், ஒப்படைப்பு 2013இல். 2010இல் வாங்கும் நாடுகள் 350 கோடி யூரோ கூடுதலாகத் தர இசைந்துதான் திட்டத்தைக் காப்பாற்றின. ஒரே கூரையின் கீழ் சீர்திருத்தம் போன அறையும் போகாத அறையும் அருகருகே இருந்தால் எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

எதை முதலில் ஒன்றாக்குவது

இணைப்புக்கான ஆலோசனை நிறுவனங்களின் கையேடுகள் பொதுவாக ஒரே வரிசையைச் சொல்கின்றன: முதல் நூறு நாளில் ஒரே படிவம், ஒரே அறிக்கை வடிவம், ஒரே மென்பொருளுக்கான கால அட்டவணை. ஏர்பஸ் அனுபவம் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது.

முதலில் ஒன்றாக வேண்டியது "முடிந்தது" என்பதன் பொருள். ஓர் அலுவலகத்தில் வரைபடம் கையெழுத்தானால் வேலை முடிந்தது என்று எழுதுவார்கள். இன்னொன்றில் பொருள் கையில் வந்து சோதித்தால்தான் முடிந்தது. இரண்டும் "80 விழுக்காடு" என்று ஒரே பட்டியலில் ஏறும்போது பட்டியல் அழகாக இருக்கும், தகவல் இருக்காது. பொதுப் படிவம் இந்த வேறுபாட்டைத் தீர்க்காது, மூடிவைக்கும். ஆகவே அளவுகோலை ஒன்றாக்கும் முன் படிவத்தை ஒன்றாக்குவது, ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட ஆபத்து.

அடுத்தது, வேலையை நிறுத்தும் உரிமை. முழுமையில்லாத பகுதியை வாங்க மறுக்கவும், எல்லா இடத்திலும் வடிவமைப்பை உறையவைக்கவும் ஒரே ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். அவருக்குக் கீழே வேலை செய்பவரின் பதவி உயர்வும் அவர் கையில் இருக்க வேண்டும். இது எழுதுவதற்கு எளிது. செய்வதென்றால் இணைந்த ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பழைய தலைவர் நாற்காலி இழக்க வேண்டும். இணைப்புப் பேச்சுவார்த்தையில் கையெழுத்திட்டவர்கள் பலர் அந்த நாற்காலி பத்திரமாக இருக்கும் என்ற உறுதியின் பேரில்தான் கையெழுத்திட்டிருப்பார்கள். இரட்டைத் தலைமை போன்ற சமரசங்கள் இல்லாவிட்டால் இ.ஏ.டி.எஸ். உருவாகியே இருக்காது என்று வாதிடுபவர்களை மறுக்க என்னிடம் வலுவான காரணமில்லை. அந்தச் சமரசத்துக்கு முடிவு தேதி வைக்காததே பிழை.

மென்பொருள் இவற்றுக்குப் பிறகு வருவது. அதையும் ஓடிக்கொண்டிருக்கும் பெருந்திட்டத்தின் நடுவில் மாற்றாமல், அடுத்த திட்டத்தின் தொடக்கத்திலோ, ஏ380இல் 26ஆவது விமானம் போல வெளிப்படையாக வரையறுத்த ஒரு கோட்டிலோ மாற்ற வேண்டும்.

ஏ380இன் முடிவுக்கு இந்தத் தாமதமே காரணம் என்று எழுதுவது மிகை. நான்கு எஞ்சின் விமானங்களின் காலம் எப்படியும் முடிந்துகொண்டிருந்தது. ஆனால் சரக்கு விமான வடிவம் தாமதத்தோடு சேர்ந்தே போனது. ஃபெடெக்ஸ் 2006 நவம்பரிலும் யு.பி.எஸ். 2007 மார்ச்சிலும் விலக, அந்த வடிவம் கட்டப்படவேயில்லை. 251 விமானங்களோடு 2021இல் ஒப்படைப்பு நின்றது.

ஐரோப்பியச் சான்றுகளை வைத்து இவ்வளவு எழுத வேண்டியிருப்பதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியாவின் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காயின. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி இணைந்தது அவற்றுள் ஒன்று. ஊரடங்கின் நடுவே, இரண்டு வங்கிகளின் கிளைகள், கணக்குகள், கடன் நடைமுறைகள், பணிமூப்புப் பட்டியல்கள் எல்லாம் ஒன்றாக வேண்டியிருந்தன. எது முதலில் ஒன்றாயிற்று, எது கடைசி வரை இரண்டாகவே இருந்தது, எந்தப் பிழை மேலே போய்ச் சேர்ந்தது, எது வழியில் நின்றது என்பதெல்லாம் அதைச் செய்த அலுவலர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. பலர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருப்பார்கள். இதை வாசிப்பவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், தேதிகளோடும் சுற்றறிக்கைகளோடும் அதை எழுதிவைக்க வேண்டும்.